பழைய பாம் கையடக்கக் கணினி வாங்குகிறவர் முதலில் திறக்க வேண்டியது பேட்டரி மூடியை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியின் நச்சரிப்பு இல்லாமல் குறிப்பெழுதவும் முகவரி, செலவுக் கணக்கு வைத்துக்கொள்ளவும் பாம் (Palm) போன்ற பழைய கையடக்கக் கணினிகளை வாங்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நல்ல யோசனை. ஆனால் அதன் கடைசிப் பத்தியில், “வண்ணத்திரையும் வைஃபையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்” என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் காசைத் தண்டமாக்கிக்கொண்டுதான் திரும்புவார். இந்தக் கருவிகளில் விலையை ஏற்றுவது எதுவோ அதுதான் முதலில் செத்துப்போவதும். உற்பத்தி நின்று இத்தனை வருடம் ஆன பிறகும் உழைக்கிறவை, விற்கிறவர்கள் மூலையில் தள்ளி வைத்திருக்கும் கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுத, தமிழில் படிக்க ஒரு கருவி தேடுகிறவர் இதைத் தொடவே வேண்டாம். பாம் இயங்குதளத்துக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைப் படமாக மாற்றி ஏற்றலாம். ஆனால் நீளம் 160, அகலம் 160 புள்ளி மட்டுமே உள்ள கறுப்பு-வெள்ளைத் திரையில் நாலைந்து வரி தெரிந்தாலே அதிகம். யுபிஐ, வரைபடம், வாட்ஸ்அப் எல்லாம் வேண்டும் என்றாலும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிதான் சரி. ஆங்கிலத்தில் குறிப்பெழுதிப் பழகியவர், ‘டிங்’ என்று எதுவும் ஒலிக்காத ஒரு நோட்டுப் புத்தகம் சட்டைப்பையில் இருந்தால் போதும் என்கிறவர் – அவருக்குத்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை சிபாரிசு செய்த பாம் டிஎக்ஸ் 2005 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 320க்கு 480 திரை, 128 எம்பி நினைவகம், வைஃபை, புளூடூத் என்று அன்றைக்கு அது ராஜா. இன்றைக்கு அந்த வைஃபை வெறும் அலங்காரம். புது ரவுட்டர்கள் பலவற்றின் பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது. எப்படியோ இணைத்துவிட்டாலும் அதிலுள்ள பிளேசர் உலாவியால் இன்றைய இணையதளங்களின் மறையாக்கத்தைப் பேச முடியாது, பக்கம் திறக்காது. ஆனாலும் விற்கிறவர் வைஃபைக்குத் தனியாக விலை வைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. அதற்கு வயது இருபதை ஒட்டிவிட்டது. சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும் சாமான் அது. சில கருவிகளில் உப்பி, திரையையே கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். பயனர் தானே மாற்றிக்கொள்ளும்படி இவற்றைச் செய்யவில்லை. பாம் ஃபைவ் வரிசையில் அலுமினிய உறையைப் பசை போட்டே ஒட்டிவிட்டார்கள்; சூடு காட்டி இளக்கினால்தான் பிரியும். முதல் முறை வாங்குகிறவருக்கு இந்த வேலை தேவையா?

ஆகவே முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். டிவி ரிமோட்டுக்குப் போடுகிற ஏஏஏ செல் இரண்டு போடும் மூடி இருக்கிறதா? இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 1996இல் வந்த முதல் பாம் கருவியான பைலட்டிலிருந்து இந்த ஏற்பாடு இருந்தது. மளிகைக்கடையில் செல் கிடைக்கும் வரை இந்தக் கருவிக்குச் சாவு இல்லை. வெளிச்சத்தைப் போடாமல் குறிப்புக்கும் நாட்காட்டிக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு ஜோடி செல் சில வாரம் ஓடும்.

ஏஏஏ மாடல்களில் தேடத் தகுந்தவை நான்கு. பாம் த்ரீ எக்ஸ்இ, எம்105, எம்125, பாம் இயங்குதளத்திலேயே ஓடும் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் விசர் டீலக்ஸ். நான்கிலும் 8 எம்பி நினைவகம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் குறிப்பும் முகவரியும் பைட் கணக்கில்தான் இடம் பிடிக்கும், ஆயிரக்கணக்கில் வைத்தாலும் நிறையாது. இவற்றில் வசதி கூடுதலானது எம்125. யூஎஸ்பி இணைப்பும் எஸ்டி அட்டை நுழைக்கும் இடமும் உண்டு. அதற்குப் பதிலாகச் செல்லைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும், திரையும் சின்னது. கண் கொஞ்சம் மங்கியவர்கள் பெரிய திரை உள்ள த்ரீ எக்ஸ்இ அல்லது விசர் எடுப்பது நல்லது. விசரின் முதுகில் ஸ்பிரிங்போர்டு என்ற பெரிய பொந்து இருக்கும். அதற்கான கூடுதல் கருவிகளைத் தேடி அலைய வேண்டாம், மூடி போட்டு மறந்துவிடுங்கள்.

பெயரில் ஏமாறுவது எளிது. த்ரீ இ, த்ரீ எக்ஸ், த்ரீ எக்ஸ்இ மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நினைவகம் முறையே 2, 4, 8 எம்பி. எம்100க்கும் எம்105க்கும் அதே கதை: 2 எம்பியும் 8 எம்பியும். போதாக்குறைக்கு இந்த எம் வரிசையின் முகத்தகடு கழற்றி மாட்டக்கூடியது. எம்105இன் தகட்டை எம்100இல் மாட்டி விற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. விற்பவர் திட்டமிட்டுச் செய்யாமலே இது நடக்கும், இரண்டு உடைந்த கருவியிலிருந்து ஒன்றைத் தேற்றும்போது. எனவே முகத்தில் அச்சடித்ததை நம்பாமல், செயலிகள் பட்டியல் திரையில் மெனுவைத் தட்டி, ‘இன்ஃபோ’ என்பதைத் திறந்து மொத்த நினைவகத்தைப் பாருங்கள். எட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் எட்டு எம்பி கருவி. தூரத்திலிருந்து வாங்குவதானால் இந்தத் திரையின் படத்தையும், மூடி திறந்த பேட்டரி அறையின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். “செல் போட்டுப் பார்க்கவில்லை” என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் போட்டுப் பார்த்திருக்கிறார், ஓடவில்லை என்று அர்த்தம்.

பேட்டரி அறையில் பார்க்க வேண்டியது கசிவு. அல்கலைன் செல் கசிந்தால் ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், செம்பு தெரியும் இடத்தில் பச்சையாகவும். பூத்ததோடு நின்றிருந்தால் பயமில்லை. கசிந்தது காரம் என்பதால், பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு தொட்டு வைத்தால் லேசாகப் பொங்கி இளகும். குச்சியைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். சாறு சர்க்யூட்டுக்குள் இறங்கினால் புதுத் துரு ஆரம்பிக்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் வேறு குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங் முனையை மிக மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரை ஒரு தேய்ப்பு. ஸ்பிரிங்கே இற்று ஒடிந்திருந்தால், அல்லது பச்சை நிறம் ஸ்பிரிங்கின் அடி வழியாக உள்ளே போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும்.

கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால், புதிய செல் இரண்டைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே என்ன இருந்தாலும் முழுக்க அழித்துத் தொடங்குவது நல்லது. மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகில் உள்ள சின்னத் துளையில் ஜெம் கிளிப்பின் முனையை நுழைத்து எடுக்க வேண்டும். பாம் சின்னம் திரையில் வந்ததும் மின் பொத்தானை விடுங்கள். எல்லாத் தரவையும் அழிக்கவா என்று கேட்கும். மேல்நோக்கும் பொத்தானை அழுத்தினால் அழியும், வேறு எதை அழுத்தினாலும் அழியாது. இதிலேயே மூன்று சோதனை முடிந்துவிடுகிறது: மின் பொத்தான், மேல் பொத்தான், ரீசெட். அடுத்து திரையின் மூலைகளைத் தொடச் சொல்லும். தொட்ட பிறகும் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தால் தொடுதிரைப் படலம் போய்விட்டது, வாங்க வேண்டாம். திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு எழுத்தைத் தின்றுகொண்டிருந்தால், உறையின் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். கோடு வந்து போனால் திரையின் இணைப்புப் பட்டை விட்டிருக்கிறது. அது வரவர மோசமாகத்தான் ஆகும்.

அகச்சிவப்புக் கதிர் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு பாம் தேவையில்லை. ஏதாவது ஒரு முகவரியை ‘பீம்’ செய்ய (கதிர் வழியே இன்னொரு கருவிக்கு அனுப்ப) சொல்லிவிட்டு, உச்சியில் உள்ள கறுப்புக் கண்ணாடியைக் கைபேசியின் முன்கேமராவில் பாருங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் சரி.

செல் மாற்றும்போதுதான் புதியவர்கள் மொத்தத் தரவையும் பறிகொடுப்பார்கள். இந்த மாடல்களில் நீங்கள் எழுதுவதெல்லாம் மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. செல்லைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஒரு கெப்பாசிட்டர்தான் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். புதிதாக இருந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் கொடுத்தது. வயதான கெப்பாசிட்டர் சில நொடியில் கைவிரிக்கும். “ஒரு செல்லை மட்டும் முதலில் மாற்று, பிறகு மற்றதை மாற்று” என்று சொல்வார்கள். இரண்டும் தொடராக இணைந்தவை. ஒன்றைக் கழற்றினாலே மின்சாரம் அறுந்துவிடும். அதனால் கருவியை அணைத்து, புது செல் இரண்டையும் மேசையில் சரியான திசையில் படுக்கவைத்துக்கொண்டு, கழற்றியதும் போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் கணினியோடு ஒரு தடவை ஹாட்சிங்க் செய்து தரவை நகலெடுத்திருந்தால் கெப்பாசிட்டர் கைவிட்டாலும் கவலையில்லை.

ரீசார்ஜ் செல் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம். ஆனால் சாதாரண செல் 1.5 வோல்ட், நிக்கல் ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். கருவி மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. முழுக்க ஏற்றிய செல்லைப் போட்டாலும் ‘தீரப்போகிறது’ என்று அலறும். இதற்கு ஒரு மறைவான கட்டளை உண்டு. குறிப்பேட்டைத் திறந்து, திரைக்குக் கீழே எழுதுகோலால் எழுதும் இடத்தில் குறுக்குவழிக் கோட்டைப் போட்டு (கையெழுத்து ‘எல்’ மாதிரி ஒரு சுழி), இரண்டு தட்டு தட்டி, 7 என்று எழுதுங்கள். செல் வகை மாறியதைத் திரையிலேயே எழுத்தில் காட்டும். ஏழுக்குப் பதில் 1 அல்லது 2 என்று எழுதிவிட்டால் நிரலாளர்களுக்கான சோதனை நிலைக்குள் போய்விடும். அப்படியே விட்டால் செல் தீர்ந்துவிடும். ஜெம் கிளிப்பால் ஒரு சாதாரண ரீசெட் போதும், தரவு அழியாது.

கணினியோடு இணைப்பதில்தான் ஒரு வேடிக்கை. யூஎஸ்பி உள்ள மாடல்தானே சுலபம் என்று தோன்றும். விண்டோஸில் நிலைமை தலைகீழ். 64 பிட் விண்டோஸுக்கான யூஎஸ்பி டிரைவரைப் பாம் நிறுவனம் வெளியிடவே இல்லை. நிறுவனத்தை 2010இல் ஹெச்பி வாங்கிவிட்டதால் இனி வரப்போவதும் இல்லை. மாறாக, த்ரீ எக்ஸ்இ, எம்105 போன்றவற்றின் தொட்டிலில் (கருவியை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கி) ஒன்பது முள் சீரியல் இணைப்பு இருக்கிறது. கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-சீரியல் மாற்றிக் கம்பியை வாங்கினால், அது தன்னுடைய டிரைவரோடு வேலை செய்யும். பாமின் டிரைவர் தேவையே இல்லை. மலிவுக் கம்பிகளில் போலி சிப் இருந்தால் விண்டோஸ் டிரைவர் வேலை செய்ய மறுக்கும். திருப்பித் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் அதற்கு காம் 1 முதல் காம் 4க்குள் ஓர் எண்ணைக் கொடுங்கள். பாம் டெஸ்க்டாப் 4.1.4 மென்பொருளை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அறைக்குள் (ஃபோல்டர்) நிறுவாமல் சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனி அறை உண்டாக்கி நிறுவுங்கள். அது உங்கள் தரவையும் தன் அறைக்குள்ளேயே எழுதும் பழக்கமுள்ளது. இன்றைய விண்டோஸ் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விடாது, சிங்க் பாதியில் நிற்கும். இணைப்பு அறுந்து அறுந்து போனால் ஹாட்சிங்க் அமைப்பில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் உண்டு. விசர், எம்125 இரண்டும் யூஎஸ்பியிலேயே பேசும். லினக்ஸின் உட்கருவான கர்னலில் உள்ள டிரைவரின் பெயரே ‘விசர்’தான். இங்கே வரிசைதான் முக்கியம். கருவியைச் செருகியதும் கணினி அதைக் கண்டுகொள்ளாது; தொட்டிலில் உள்ள ஹாட்சிங்க் பொத்தானை அழுத்திய பிறகுதான் கருவி தன்னை அறிவிக்கும். எனவே முதலில் பொத்தான், ஓரிரு நொடி கழித்து மென்பொருளில் சிங்க். இரண்டு சீரியல் துறைகள் (போர்ட்) தோன்றினால் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேலை செய்யும். எதுவும் நடக்காவிட்டால், உங்கள் பயனர் பெயர், அந்தத் துறையைப் பயன்படுத்த அனுமதியுள்ள ‘டயல்அவுட்’ குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

தொட்டில் இல்லாத கருவியை “தனியாக வாங்கிக்கொள்ளலாம்” என்று விற்பார்கள். தொட்டில் தனியாகக் கிடைப்பது அரிது, கிடைத்தால் கருவியின் விலையே சொல்வார்கள். தொட்டிலோடு சேர்ந்தே வாங்குங்கள். எம்125 மட்டும் விதிவிலக்கு. எஸ்டி அட்டையில் நகல் எடுத்துவைத்துச் சமாளிக்கலாம். அட்டை 2 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. எஸ்டிஹெச்சி என்று அச்சிட்ட அட்டையை இந்தக் கருவி அடையாளமே காணாது. கைக்கு எட்டினால் 128 எம்பி, 256 எம்பி அட்டையே நிறைய.

வண்ணத்திரைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பாமின் ஸீ22, டங்ஸ்டன் இ2 இரண்டில் ஒன்றை எடுக்கலாம். இரண்டும் 2005இல் வந்தவை. பேட்டரி முழுக்கத் தீர்ந்தாலும் தரவு அழியாத நினைவகம் இவற்றில் உண்டு. ஏறக்குறைய அதே முகம் கொண்ட, 2003இல் வந்த டங்ஸ்டன் இ-யில் அது கிடையாது. பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. இ2வுக்குப் பாமின் தனிவகைக் கம்பி தேவை, அது இல்லாமல் வாங்கினால் மேசைக்கு எடைக்கல்தான். ஸீ22 பழைய கேமராக்களுக்கு வந்த மினி யூஎஸ்பி கம்பியை ஏற்கும், அதனால் எனக்கு அதுவே மேல். எம்130 வேண்டாம். அந்தக் கருவி 65,536 வண்ணம் காட்டும் என்று விளம்பரம் செய்துவிட்டு, 2002இல் பாம் நிறுவனமே 58,621தான் என்று ஒப்புக்கொண்டது. வண்ணம் குறைந்தது பெரிய விஷயமில்லை. அதுவும் லித்தியம் பேட்டரி, அதுதான் விஷயம்.

விசைப்பலகை இல்லாமல் எழுத வராது என்கிறவர்களுக்குப் பாம் சரிப்படாது. அவர்கள் சயான் (Psion) நிறுவனத்தின் 5எம்எக்ஸ் தேடலாம். 1999இல் வந்தது, 640க்கு 240 திரை, திறந்தால் விசைப்பலகை முன்னால் நகர்ந்து வரும், தட்டச்சு செய்ய அந்த அளவில் இன்றும் அதற்கு ஈடு குறைவு. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ செல் இரண்டு, காப்புக்கு ஒரு சிஆர்2032 பொத்தான் செல். இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது, அவ்வளவுதான். எழுதியதை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையில் போட்டு, அட்டை ரீடர் வழியாகக் கணினிக்கு எடுக்கலாம். கம்பி, தொட்டில், டிரைவர் ஒன்றும் வேண்டாம். ஆனால் திரைக்குப் போகும் தட்டைக் கம்பிப்பட்டை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் மடிகிறது, ஒருநாள் விரிசல் விடும். வாங்கும் முன் மெதுவாகப் பத்துத் தடவை மூடித் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கிடைமட்டக் கோடுகள் வந்தால் விட்டுவிடுங்கள். உறை பிசுபிசுவென்று ஒட்டினால் மேல்பூச்சு ரப்பர் இளகியிருக்கிறது. ஆல்கஹாலில் துடைத்தெடுத்தால் போய்விடும், அதற்காகப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம். இதன் தம்பி ரெவோ பார்க்க அழகு. உள்ளே நிலையாக வைத்த ரீசார்ஜ் பேட்டரி. வருடக்கணக்கில் தீர்ந்துகிடந்தது திரும்பச் சார்ஜ் ஏறாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் அஞ்சல் செலவும் சேர்ந்து கருவியின் விலையைத் தாண்டிவிடலாம். லித்தியம் பேட்டரி உள்ளதை அஞ்சலில் ஏற்க மறுப்பதும் உண்டு. செல்லைக் கழற்றி அனுப்பக்கூடிய ஏஏஏ மாடலுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

வாங்கிய பிறகு, தொட்ட இடத்தில் விழாமல் அரை விரல் தள்ளி விழுகிறது என்று சிலர் தொடுதிரையையே மாற்றப் போவார்கள். முதலில் அமைப்புகளில் ‘டிஜிட்டைசர்’ பகுதிக்குப் போய் மறுபடி மூலைகளைத் தொட்டுச் சரிசெய்யுங்கள். இரண்டு நாளில் மீண்டும் தள்ளினால், திரைக்கும் உறை விளிம்புக்கும் நடுவே அழுக்கு சேர்ந்து ஓரத்தை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு தபால் அட்டையின் ஓரத்தை அந்த இடுக்கில் விட்டு நான்கு பக்கமும் இழுத்தால் மணலும் தூசியும் வெளியே வரும்.

எழுதுகோலால் எழுதும் எழுத்து முறையைப் பழக ஒரு வாரம் பிடிக்கும். பழைய மாடல்களில் எல்லா எழுத்தும் ஒரே கோடுதான். ‘டி’ (T) எழுத வலப்பக்கம் ஓர் இழுப்பு, அப்படியே கீழே ஓர் இழுப்பு, குறுக்குக் கோடு கிடையாது. 2003க்குப் பிறகு வந்தவற்றில் முறையை மாற்றினார்கள். ஐ, டி, கே, எக்ஸ் நான்குக்கும் இரண்டு கோடு. இரண்டு வகைக் கருவியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கை குழம்பும். பழைய மாடல்களில் ஒரு குறிப்புக்கு நாலாயிரம் எழுத்துதான் இடம், நீளமாக எழுதுகிறவர்கள் துண்டு துண்டாக எழுத வேண்டும். வங்கி ரகசிய எண்ணை இதில் வைக்காதீர்கள். இதன் கடவுச்சொல் பூட்டு, தெரிந்தவன் கையில் நிற்காது. நாட்காட்டி 2031 டிசம்பர் 31 வரைதான் போகும். குறிப்பேடும் முகவரிப் புத்தகமும் அதற்கப்புறமும் வேலை செய்யும்.

இப்படிக்கு,
பழைய கையடக்கக் கணினிகள் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.